இரண்டாவது கியரின் முனகல்

போர்ட் கொச்சியின் குறுகலான தெருக்களில் கார் வைத்திருப்பவர்களுக்குச் செலவு வைப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல. கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பித்தளை வளையம். அது தேய்வது இயற்கை. அகாலத்தில் தேய்வது நம் கைங்கரியம்.

வைப்பின் கரையிலிருந்து வந்து சேரும் 'சேதுசாகர்' ரோ-ரோ படகு போர்ட் கொச்சி துறையில் முகப்பைத் தாழ்த்தியதும் முதலில் கேட்பது எஞ்சின்களின் உறுமல். 2018-ல் கொச்சி மாநகராட்சிக்காக இறக்கப்பட்ட இந்தப் படகுகளில் கார்களும் ஆட்டோக்களும் சிறு லாரிகளும் இடித்துக்கொண்டு நிற்கின்றன. முகப்பு திறந்ததும் ஒவ்வொன்றாக முதல் கியரில் சரிவுத் தளத்தில் ஏறிக் கரைக்கு வருகின்றன. கரை தொட்டு சில அடி தூரத்திற்குள் இரண்டாவது கியருக்கு மாற வேண்டும். எதிரே சுற்றுலாப் பயணிகள், சீன வலைகளைப் பார்க்க வந்த கூட்டம், மீன் கூடைகள்.

அங்கே பத்து நிமிடம் நின்று காது கொடுத்தால் இன்னொரு சத்தமும் கேட்கும். 'கர்ர்' என்று பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். ஓட்டுபவர் லேசாக முகம் சுளிப்பார், கியர் கம்பியை இன்னும் அழுத்துவார். வண்டி போய்விடும். பின்னால் நிற்பவருக்கு அது வெறும் சத்தம். வண்டிக்காரருக்கு அது வரப்போகும் பில்லின் முதல் வரி.

சத்தம் போடுவது பற்கள்தான். ஆனால் குற்றவாளி, அந்தப் பற்கள் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய காவலாளி. அதன் பெயர் சிங்க்ரனைசர். 'ஒத்தியக்கி' என்று தமிழில் சொல்லிவிடலாம். சொன்னால் மட்டாஞ்சேரியிலோ மதுரையிலோ எந்த மெக்கானிக்குக்கும் புரியாது. ஒர்க்‌ஷாப்பில் அது 'சிங்க்ரோ ரிங்'. கோளாறின் பெயரும் இரு மொழிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழில் போலவே மலையாளத்திலும் கியர் 'விழுகிறது', அல்லது விழ மறுக்கிறது.

ஓடும் பஸ்ஸில் ஏறுவது போல

கியர் மாற்றும்போது உள்ளே நடப்பது பலரும் நினைப்பது அல்ல. இன்றைய கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்சக்கரங்கள் எல்லாமே எப்போதும் ஒன்றோடொன்று கோர்த்தபடியேதான் சுழல்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின் மேல் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நாம் கம்பியைத் தள்ளும்போது ஒரு ஸ்லீவ் நகர்ந்து வந்து, நமக்கு வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. கியர் மாற்றம் என்பது இந்தப் பூட்டு மாற்றம்தான்.

சிக்கல் என்னவென்றால் பூட்ட வேண்டிய இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. உதாரணத்துக்கு முதல் கியர் விகிதம் 3.5 என்றும் இரண்டாவது 2 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது வெளியே போகும் தண்டு சுமார் 857 சுற்றுதான் சுற்றும். அதே வேகத்தில் இரண்டாவது கியர் பூட்டிக்கொள்ள வேண்டுமானால் உள்ளே வரும் தண்டு 1,714 சுற்றில் இருந்தாக வேண்டும். கிளட்சை மிதித்து எஞ்சினைப் பிரித்துவிட்டாலும், கிளட்ச் தட்டும் உள்தண்டும் அதோடு கோர்த்த சக்கரங்களும் பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். அவற்றின் வேகத்தில் ஏறக்குறைய 1,300 சுற்றை யாராவது பிடித்து நிறுத்த வேண்டும். அதுவும் கண் மூடித் திறக்கும் நேரத்தில்.

ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் என்ன செய்கிறார்? நின்ற இடத்திலிருந்து தாவினால் பல் உடையும். பஸ்ஸோடு கூடவே நான்கு அடி ஓடி, வேகம் ஒத்ததும் கால் வைக்கிறார். அந்த நான்கு அடி ஓட்டத்தைத்தான் சிங்க்ரனைசர் செய்கிறது.

ஸ்லீவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பித்தளை போன்ற செம்புக் கலவையில் செய்த ஒரு வளையம். அதன் உட்புறம் கூம்பாகச் சரிந்திருக்கும். சக்கரத்தின் பக்கவாட்டிலும் அதே சரிவில் ஓர் எஃகுக் கூம்பு. ஸ்லீவ் நகரத் தொடங்கியதும் வளையம் கூம்பின் மேல் அழுந்துகிறது. டம்ளருக்குள் டம்ளர் சிக்கிக்கொள்வது போல இறுகி, உராய்வால் சக்கரத்தைத் தன் வேகத்துக்குக் கொண்டுவருகிறது. வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய மரை போன்ற வரிகள் உண்டு. கூம்பின் மேலுள்ள ஆயில் படலத்தை வழித்தெறிவது அவற்றின் வேலை. ஆயில் விலகினால்தான் உலோகம் உலோகத்தைப் பிடிக்கும்.

இதில் சாமர்த்தியமான பகுதி இன்னொன்று. வேக வித்தியாசம் இருக்கும்வரை உராய்வு இந்த வளையத்தைச் சற்றே திருப்பி வைத்திருக்கும். அப்போது வளையத்தின் பற்கள் ஸ்லீவின் பற்களுக்குக் குறுக்கே நிற்கும். எவ்வளவு தள்ளினாலும் வழி கிடைக்காது. வேகங்கள் ஒத்த கணத்தில் அந்த இழுப்பு இல்லாமல் போகிறது. வளையம் விலகி வழிவிடுகிறது. ஸ்லீவ் சத்தமில்லாமல் உள்ளே போய் சக்கரத்தைப் பூட்டுகிறது. கம்பியைத் தள்ளும்போது நடுவில் ஒரு நொடிக்கும் குறைவாக நம் கை உணரும் அந்தத் தயக்கம்தான் இத்தனை வேலையும் நடக்கும் நேரம். அவசரக்காரர்கள் அந்தத் தயக்கத்தைத்தான் அடித்து நொறுக்குகிறார்கள்.

டபுள் கிளட்ச் காலம்

இந்தக் காவலாளி இல்லாத காலமும் இருந்தது. ஏர்ல் ஏ. தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் ஏற்பாட்டை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ல் காடிலாக் கார்களில் கொண்டுவந்தது. அதற்கு முன் வேகத்தை ஒத்துப்போகச் செய்வது ஓட்டுபவரின் காலும் காதும்தான். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை அளவாகத் தட்டி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரில் போட வேண்டும். நம் பழைய லாரி, பஸ் டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' என்று சொல்லி விடலைகளுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். மலைப்பாதையில் இது தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள்.

கேரளத்து டாக்சி ஸ்டாண்டுகளை நீண்ட காலம் ஆண்ட அம்பாசடரில் இரண்டு, மூன்று, நான்கு கியர்களுக்கு சிங்க்ரோ இருந்தது. பழைய மாடல்களில் முதல் கியருக்குக் கிடையாது. பிரீமியர் பத்மினியிலும் அதே கதை. ஸ்டியரிங் கம்பத்தில் இருந்த கியர் கம்பியை முதல் கியருக்குத் தள்ள, வண்டி நின்றாக வேண்டும். அல்லது டபுள் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தலைமுறை டிரைவர்கள் கியரோடு பேசிப் பழகியவர்கள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முன்னோக்கிய நான்கு கியர்களுக்கும் சிங்க்ரோவோடு வந்தது. கார் ஓட்டுவது எளிதானது. ஒரு கைத்திறன் மெல்ல மறந்தும் போனது. அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. அவை பழக்கிய கைகள் மட்டும் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

ஏன் இரண்டாவது?

மெக்கானிக்கைக் கேட்காமலே பலருக்கும் தெரிந்த விஷயம், முதலில் முனகுவது இரண்டாவது கியர்தான் என்பது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில் மூன்றாவது விகிதம் 1.3, நான்காவது 0.9 என்று கொண்டால், அதே 3,000 சுற்றில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக 1,050 சுற்றையும், மூன்றிலிருந்து நான்குக்குப் போக சுமார் 920 சுற்றையும் குறைத்தால் போதும். ஒன்றிலிருந்து இரண்டுக்குத்தான் மிகப் பெரிய இறக்கம். இரண்டாவது வளையத்துக்குத்தான் பளு அதிகம். இதனாலேயே இப்போதைய பல கார்களில் கீழ் கியர்களுக்கு மட்டும் இரட்டைக் கூம்பு, மும்மைக் கூம்பு என்று உராயும் பரப்பைக் கூட்டி வைக்கிறார்கள்.

இதோடு ஊரும் சேர்ந்துகொள்கிறது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு முறை கார் ஓட்டிப் பாருங்கள். இரு பக்கமும் மசாலா கிட்டங்கிகள். சாக்கு இறக்கும் லாரி, கை வண்டி, குறுக்கே ஆடு. அரண்மனைப் பக்கம் திரும்பி யூதத் தெருவை நெருங்கினால் சுற்றுலா வாகனங்களின் வரிசை. இந்தத் தெருக்கள் காருக்காகப் போடப்பட்டவை அல்ல. மட்டாஞ்சேரி அரண்மனை 1555-லும் யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம் 1568-லும் எழுந்தவை. தெருக்களின் அகலமும் அந்தக் காலத்து நினைவில்தான் இருக்கிறது. இங்கே மூன்றாவது கியர் ஒரு கனவு. ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. நெடுஞ்சாலையில் ஓடும் கார் நூறு கிலோமீட்டரில் இரண்டாவது கியரைச் சில முறை தொட்டால் அதிகம். இங்கே தோப்பும்படியிலிருந்து கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் அதைவிட அதிகமாகத் தொட்டுவிடும். ஒரே வயதுள்ள இரண்டு கார்களின் கியர் பெட்டிகள் ஒரே வயதுள்ளவை அல்ல.

உப்பு, ஓய்வு, உறங்கும் கார்

கடற்கரை ஊருக்கே உரிய இன்னொரு எதிரியும் உண்டு. வளையத்தைக் கொல்வது பல சமயம் கியர் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. கிளட்ச் முழுமையாகப் பிரியாவிட்டால், பெடலை மிதித்த பிறகும் எஞ்சின் உள்தண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். வளையம் அப்போது தண்டை மட்டும் நிறுத்தப் பார்க்கவில்லை. ஓடும் எஞ்சினோடேயே மல்லுக்கட்டுகிறது. எத்தனை நல்ல வளையமும் இந்த ஆட்டத்தில் ஜெயிக்காது.

கேபிள் வைத்த கிளட்சில் உப்புக் காற்று கேபிளின் உறைக்குள் துரு ஏற்றும். பெடலின் பயணம் முழுதாகப் போய்ச் சேராது. அடுத்தது, கேரளத்தின் தனிக் கதை. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வருடத்தில் ஒரு மாதம் ஓட்டுவதற்காக வாங்கிய கார் மற்ற மாதங்களில் போர்டிகோவில் உறங்கும். ஈரக் காற்றில் கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஓடாத வண்டி புதிய வண்டி என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது.

ஏமாந்தவர்களில் இதை எழுதுபவரும் ஒருவர். போர்ட் கொச்சியில் அப்படி உறங்கிய ஒரு சின்னக் காரை வாங்கினேன். ரிவர்ஸ் போட்டால் கர்ர். முதல் கியர் விழ அடம். இரண்டாவது முனகல். முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பெடலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கியர் பெட்டியை இறக்கி, இரண்டாவது கியரின் வளையத்தை மாற்றிக் கொடுத்தார்கள். சில வாரங்கள் நன்றாக இருந்தது. பிறகு பழைய குருடி.

இரண்டாவதாகப் பார்த்தவர் வயதானவர். எதையும் கழற்றவில்லை. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்தபடி பத்து எண்ணும்வரை காத்திருந்து, ரிவர்ஸ் போட்டார். கர்ர். எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டார். வெண்ணெயில் கத்தி. விஷயம் அவ்வளவுதான். கோளாறு கிளட்சில். துரு ஏறிய கேபிளை மாற்றியதும் முதல் கியரும் ரிவர்ஸும் சாதுவாயின. ஆனால் இழுபட்ட கிளட்சோடு ஓடிய அந்த வாரங்களில் புதிய வளையமும் வீணாகியிருந்தது. பெட்டி இரண்டாம் முறை இறங்கியது. வளையத்தின் விலை சொற்பம். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலிதான் கனம். அந்தக் கனத்தை இரண்டு முறை சுமந்தேன். எனக்கு அது கைச்செலவோடு போனது. தினசரி வாடகை கொடுத்து டாக்சி ஓட்டுபவருக்கு வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாள்.

டப்பாவைப் படியுங்கள்

மூன்றாவது எதிரி ஆயில். கியர் ஆயில் என்றால் எல்லாம் ஒன்று என்ற எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றிப் போயிருக்கிறது. 'தொண்ணூறு ஆயில்' என்று கேட்டால் ஒரு பெரிய டப்பாவிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தொண்ணூறு என்பது அதன் அடர்த்தியை மட்டுமே சொல்கிறது. உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதை டப்பாவில் உள்ள இன்னொரு குறியீடு சொல்லும். ஜிஎல்-4, ஜிஎல்-5.

பின்சக்கர அச்சிலுள்ள டிஃபரன்ஷியலின் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று கடும் அழுத்தத்தோடு வழுக்கித் தேய்பவை. அவற்றைக் காக்கவே ஜிஎல்-5. அதில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகள் அதிகம். அவற்றில் சில வகைகள் சூட்டில் செம்புக் கலவை உலோகங்களை அரிக்கும். அரிக்காத வகையாக இருந்தாலும் வேறொரு சங்கடம். வழுவழுப்பு அதிகமானால் வளையம் கூம்பைப் பிடிக்காமல் நழுவும். நம் வளையத்துக்கு வேண்டியது அளவான வழுக்கல், அளவான பிடிப்பு. சிங்க்ரோ உள்ள பல கியர் பெட்டிகளுக்கு ஜிஎல்-4 சொல்லப்படுவது இதனால்தான். விதிவிலக்குகள் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே வேதம். இதற்கு ஆகும் செலவு கையேட்டைத் தேடி எடுக்கும் சிரமம் மட்டும்.

வேலியேற்றத்தின்போது தெருவில் ஏறும் உப்புத் தண்ணீரில் வண்டியை விட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கியர் பெட்டி மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் அந்தத் துளை வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். வடித்த ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் சந்தேகமே வேண்டாம். உடனே மாற்ற வேண்டும்.

சத்தத்தைப் படிப்பது எப்படி

கியர் பெட்டியை இறக்கச் சம்மதிக்கும் முன் கார் சொந்தக்காரர் தானே சிலவற்றைப் பிரித்தறிய முடியும்.

எல்லா கியரும் அடம்பிடித்து, ரிவர்ஸும் கடித்தால் முதல் சந்தேகம் கிளட்ச் மேல். பெரும்பாலான சிறு கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அதனால்தான் அது நல்ல சாட்சி. ஒரே ஒரு கியர் மட்டும், அதிலும் வேகமாக மாற்றும்போது கடித்தால் அந்த கியரின் வளையம். டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்கள். சத்தம் மறைந்தால் சந்தேகம் உறுதி. சத்தமே இல்லாமல் கனமாக மட்டும் விழுந்தால் கெட்டியான அல்லது தவறான ஆயிலையும், கியர் கம்பியின் புஷ், கேபிளையும் பாருங்கள். போட்ட கியர் ஓட்டத்தில் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்தால் அது வேறு நோய். ஸ்லீவின் பற்கள், சக்கரத்தின் பூட்டுப் பற்கள், ஃபோர்க் ஆகியவை தேய்ந்திருக்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பாலத்தின் இறக்கத்தில் கீழ் கியர் நழுவினால் எஞ்சினின் தடுப்புச் சக்தி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் தலையில்.

பெட்டியைத் திறந்த பிறகும் கண்ணை நம்ப வேண்டியதில்லை. வளையத்தைக் கூம்பின் மேல் கையால் அழுத்தி, வளையத்துக்கும் சக்கரத்தின் பற்களுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளக்கலாம். பல சிறிய கார்களில் புதிதில் அது சுமார் 1 மில்லிமீட்டர். 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வளையத்தின் ஆயுள் முடிந்தது. கூம்பில் இறுக வேண்டிய வளையம் சக்கரத்தின் முகத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். துல்லியமான எல்லை அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில். அரை மில்லிமீட்டர் பித்தளை. காவலாளியின் முழு வாழ்நாளும் அவ்வளவுதான். வளையத்தை மாற்றும்போதே ஸ்லீவ், ஹப், பூட்டுப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கூர் மழுங்கிய பற்களின் மேல் புதிய வளையம் போடுவது வீண் வேலை.

கையை எடுங்கள்

தேய்வைத் தள்ளிப்போடும் வழிகள் எளியவை. கிளட்சைக் கடைசிவரை மிதியுங்கள். நியூட்ரலில் அரைக் கணம் தயங்கி அடுத்த கியருக்குப் போங்கள். அந்த அரைக் கணத்தில் தண்டின் வேகம் தானே கொஞ்சம் குறையும். வளையத்தின் பாதி வேலை மிச்சம். அதிக வேகத்தில் இருக்கும்போது முதல் கியருக்கு இறங்காதீர்கள். கியர் கம்பியின் மேல் கையை ஊன்றி ஓட்டும் பழக்கம் வேண்டாம். அந்தச் சின்னப் பாரமும் ஃபோர்க்கை ஸ்லீவின் மேல் உரசவைத்துக்கொண்டே இருக்கும். சிக்னலில் முதல் கியர் போட்டு கிளட்சை மிதித்தபடி நிற்பதைவிட நியூட்ரலில் நிற்பது கிளட்சுக்கு நல்லது. கிளட்சுக்கு நல்லது எதுவோ அது வளையத்துக்கும் நல்லது.

இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, கிளட்ச் பெடலே இல்லாத கார் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2014-லிருந்து நம் நாட்டில் பரவிய ஏஎம்டி வகைக் கார்களுக்குள் இருப்பதும் இதே கியர் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதும் கம்பியைத் தள்ளுவதும் மோட்டார் அல்லது ஆயில் அழுத்தத்தால் நடக்கிறது. வளையம் அதே வளையம். அதைத் தூக்கி எறிந்திருப்பது மின்சாரக் கார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு விகிதம். மாற்ற கியர் இல்லை. ஒத்துப்போகச் செய்ய வேகமும் இல்லை.

அந்தக் காலம் முழுதாக வரும்வரை படகிலிருந்து கரையேறும் கார்கள் இரண்டாவது கியரைத் தேடிக்கொண்டுதான் இருக்கும். அடுத்த முறை உங்கள் வண்டி பல்லைக் கடித்தால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டாதீர்கள். ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பெட்டியை இறக்க வேண்டுமா, கேபிளை மாற்றினால் போதுமா என்பதை அந்தப் பத்து நொடி சொல்லிவிடும்.